விமான நிலையத்தின் போர்வையும் லயத்துத் தகரமும்

கலையில் உருவம் முதன்மையானதா, உள்ளடக்கம் முதன்மையானதா என்ற வாதம் நமக்குப் புதியதன்று. கவிதையைக் குறித்தும் சிறுகதையைக் குறித்தும் அவ்வாதத்தை நாம் பலமுறை நடத்தியிருக்கிறோம். ஆனால் கட்டிடத்தைக் குறித்து அதே வினாவை எழுப்ப ஏனோ தயங்கி வந்திருக்கிறோம். பிடிக்காத கவிதையைப் படிக்காமல் விட்டுவிடலாம். பிடிக்காத நாடகத்துக்குப் போகாதிருக்கலாம். கட்டிடத்தை அவ்வாறு விலக்கிவிட இயலாது. மழை பெய்யும்போது மனிதன் ஏதேனும் ஒரு கூரையின் கீழ் ஒதுங்கியே தீரவேண்டும். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மக்கள் அனைவரும் நுகரும் கலை கட்டிடக் கலை என்று கூறின் அது மிகையாகாது. அதனை மதிப்பிடும் பொறுப்பைப் பொறியியலாளரிடம் மட்டுமே ஒப்படைத்துவிட்டு இலக்கியம் பயில்வோர் வாளாவிருப்பது முறையன்று.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது விமான நிலைய முனையக் கட்டிடங்களின் புறப்போர்வை. சுவர், கூரை, கண்ணாடி, அவை ஒன்றோடொன்று சேரும் மூட்டுகள் ஆகிய யாவும் சேர்ந்து வெளியையும் உள்ளையும் பிரிக்கின்றனவே, அதையே போர்வை என்கிறோம். குறிப்பாக, ஏற்கெனவே இயங்கிவரும் நிலையம் ஒன்றை விரிவாக்கும்போது அந்தப் போர்வை எவ்வாறு அமைகிறது, எவருக்காக அமைகிறது என்பதே நம் வினா. பதுளையிலிருந்து கொண்டு இதைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். ஊவா மாகாணத்தில் பயணிகள் விமான நிலையம் எதுவும் கிடையாது என்பது உண்மையே. ஆயினும் மாலை நேரத்தில் பதுளை பஸ் நிலையத்தில் சற்று நின்று பார்ப்பவருக்கு, விமான நிலையம் நம் மக்களுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது விளங்கும். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து புதுப் பெட்டியும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரங்களுமாக இறங்கும் பெண்களை அங்கே காணலாம். அவர்கள் வளைகுடா நாடுகளில் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள்.

அண்மையில் அத்தகைய ஒரு குடும்பத்தோடு நாமும் கட்டுநாயக்கா வரை போய்வந்தோம். லயத்தை விட்டுப் புறப்படும்போது அந்தப் பெண் தன் தாயிடம் சொன்ன கடைசி வார்த்தை பிள்ளையைப் பற்றியதாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம். பிள்ளையைப் பற்றி அவள் அதற்கு முன்பே பலமுறை சொல்லி முடித்திருந்தாள். வாசலைத் தாண்டித் திரும்பி நின்று, "அம்மா, மழைக்கு முந்தி கூரையில இருக்கிற கல்ல ஒருக்கா பாக்கச் சொல்லு தம்பிய" என்றாள். மறுநாள் விடியற்காலை, விளக்கொளியில் மின்னும் முனையத்தின் முன்தாழ்வாரத்தில் அவளை விட்டுப் பிரிந்தோம். கண்ணாடிக்கு அப்பால் அவள் நடந்து போவது தெரிந்தது, அழைத்தால் கேட்காது. ஒரே இரவில் இரண்டு கூரைகளின் கீழ் நின்றோம். அந்த இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிறந்ததுதான்.

முதலில் போர்வை என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரிய நூல்களைத் தேடிப் போகத் தேவையில்லை. கொழுந்து பறிக்கும் பெண் காலையில் மலைக்குப் புறப்படும் கோலத்தைப் பார்த்தால் போதும். இடுப்பைச் சுற்றிப் படங்கு. பனி நனைத்த செடியின் ஈரம் உடைக்குள் ஏறாதபடி அது தடுக்கிறது. தலையிலிருந்து முதுகு வரை முன்னாளில் கம்பளி, இந்நாளில் பிளாஸ்டிக் விரிப்பு. அதற்கும் உள்ளே உடற்சூட்டைக் காக்கும் தடித்த சட்டை. மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று அவள் அடுக்கிக்கொள்கிறாள். பிளாஸ்டிக் விரிப்பை இறுகக் கட்டிக்கொண்டால் மழை உள்ளே வராது, ஆனால் வியர்வை வெளியேறாமல் உடல் நனைந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் தளர்த்திக் கட்டுகிறாள்.

கட்டிட இயலார் சொல்வதும் இதுவே. போர்வைக்கு நான்கு கடமைகள் உண்டு: மழைநீரைத் தடுத்தல், காற்றைக் கட்டுப்படுத்தல், வெப்பத்தைக் கட்டுப்படுத்தல், கண்ணுக்குத் தெரியாத நீராவியைக் கட்டுப்படுத்தல். இவற்றுள் மழைநீரே முதற்பகை. எந்தச் சுவரும் என்றாவது ஒருநாள் ஒழுகும் என்பதை ஒப்புக்கொண்டு, வெளித்தோலுக்குப் பின்னால் சிறிது இடைவெளி விட்டு, உள்ளே புகுந்த நீர் அந்த இடைவெளி வழியே வடிந்து வெளியேற வழி செய்வதே தேர்ந்த அமைப்பு. ஒருபோதும் ஒழுகாது என்று மார்தட்டி, ஒற்றைப் பசைக்கோட்டை நம்பிக் கட்டிய சுவர், அந்தப் பசை காய்ந்து வெடிக்கும் நாளில் தோற்றுப்போகும்.

விமான நிலையத்தில் இக்கடமைகள் பன்மடங்கு கடினமாகின்றன. நடுவில் தூண்கள் குறைந்த பரந்த மண்டபம் வேண்டும். ஆகவே கூரை நெடியது. நெடிய கூரை அசையாமல் இருப்பதில்லை. 150 மீற்றர் நீளமுள்ள உருக்குக் கூரை, இரவின் குளிர்ச்சிக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே 30 பாகை வெப்ப வேறுபாட்டைக் கண்டால் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் நீளும். அலுமினியத் தகடாயின் அதைப்போல் இரு மடங்கு நீளும். உருக்குச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டை விரித்தால் கீழுள்ளது ஒரு கணக்கிலும் மேலுள்ளது வேறொரு கணக்கிலும் நகரும். அந்த நகர்ச்சிக்கு இடம் விட்டுப் பிணைக்காவிடில் ஆணித்துளை கிழியும். கிழிந்த துளை வழியே நீர் இறங்கும்.

விரிவாக்கம் என்று வரும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. பழைய முனையத்தை ஒருநாள்கூட மூடிவைக்க இயலாது. ஒருபுறம் பயணிகள் நடமாட, மறுபுறம் சுவரை இடிக்க வேண்டும். இடித்த இடத்தில் தற்காலிகத் தடுப்பு நிற்கும். அத்தடுப்பும் பருவமழையைத் தாங்க வேண்டும். பழைய அத்திவாரம் இறுகி முடிந்திருக்கும். புதியதோ இன்னும் சில ஆண்டுகளுக்குச் சிறிது சிறிதாகத் தாழும். இரண்டையும் இறுக்கிக் கட்டினால் வெடிக்கும். விலக்கி வைத்தால் ஒழுகும். அசையவும் வேண்டும், ஒழுகவும் கூடாது என்ற இந்த இரட்டைக் கட்டளையை நிறைவேற்றும் இடைவெளியே விரிவாக்கத்தின் உயிர்நாடி. பத்திரிகைகளில் வெளியாகும் வண்ணப் படங்கள் கூரையின் வளைவைக் காட்டுகின்றன. பழைய சுவரும் புதிய கூரையும் சந்திக்கும் அந்த விரற்கடை இடைவெளியை எந்தப் படமும் காட்டுவதில்லை. நல்ல கட்டிடமும் கெட்ட கட்டிடமும் பிரியும் இடம் அதுவே.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் காலத்து முனையங்களைப் பார்ப்போம். கண்ணாடியே இன்று அவற்றின் பொது மொழி. இம்மொழிக்கு ஒரு வரலாறு உண்டு. 1851இல் இலண்டனில் நடந்த பெரும் கண்காட்சிக்காக யோசப் பாக்ஸ்டன் எழுப்பிய பளிங்கு மாளிகை, செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டைக் கட்டியவரின் கைவண்ணம். குளிர்நாட்டில் வெயிலைப் பிடித்து வைக்கக் கண்ணாடி வீடு உதவியது. அங்கே அது தேவையிலிருந்து பிறந்த உருவம். அதே உருவத்தை வெயில் எரிக்கும் கரையோரத்துக்குக் கொண்டுவந்து, பிடிபட்ட வெப்பத்தை வெளியேற்ற இரவும் பகலும் குளிரூட்டும் இயந்திரங்களை ஓட்டுவது, உள்ளடக்கத்தை விட்டு உருவத்தை மட்டும் இரவல் வாங்கியதன் விளைவு.

இரவல் உருவம் எங்கெல்லாம் காலை வாரிவிடும் என்பதற்கு நீராவியே சான்று. குளிர்நாட்டில் ஈரக்காற்று வீட்டுக்குள்ளே இருக்கும். குளிர்ச்சி வெளியே இருக்கும். ஆகவே நீராவியைத் தடுக்கும் படலத்தை அங்கே சுவரின் உட்புறம் வைப்பார்கள். நம் கரையோரத்தில் நிலைமை தலைகீழ்: ஈரமும் வெக்கையும் வெளியே, இயந்திரம் தந்த குளிர்ச்சி உள்ளே. அந்த நாட்டு வரைபடத்தை அப்படியே பெயர்த்து இங்கே கட்டினால், வெளியிலிருந்து வரும் நீராவி சுவருக்குள் புகுந்து, குளிர்ந்த படலத்தில் பட்டு நீராகி, சுவரின் வயிற்றிலேயே தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பிறமொழிக் கவிதையைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவன் எந்தப் பிழையைச் செய்கிறானோ, அதே பிழைதான் இது.

சென்னை மீனம்பாக்கத்தில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. விரிவாக்கத் திட்டத்தின் கீழ் எழுந்த புதிய உள்நாட்டு முனையம் 2013 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. நியூயோர்க் கட்டிடக் கலைஞர் பிரெடெரிக் ஷ்வார்ட்ஸ் முதலியோர் வகுத்த அமைப்பு அது. விரிந்த கூரையும் உயர்ந்த கண்ணாடிச் சுவரும் பார்வைக்கு எழில் தந்தன. அதே ஆண்டிலேயே கண்ணாடிப் பாளங்கள் உடைந்து விழத் தொடங்கின. உட்கூரைத் தகடுகளும் விழுந்தன. பத்திரிகைகள் அவற்றை எண்ணிக்கொண்டே வந்தன. சில ஆண்டுகளில் எண்ணிக்கை எண்பதைக் கடந்தது. சூடேற்றித் திடீரெனக் குளிர்வித்துப் பதப்படுத்திய கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. உருகும் வேளையில் நிக்கல் சல்பைட்டுத் துகள் ஒன்று உள்ளே அகப்பட்டுக்கொண்டால், மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ, தட்டுவார் எவருமின்றி அது வெடிக்கலாம். பொருத்துமுன் கண்ணாடியை மீண்டும் சூடேற்றிப் பார்த்துப் பழுதுள்ளவற்றைக் கழிப்பதும், இரு பாளங்களுக்கிடையே ஒட்டுப்படலம் வைத்து உடைந்தாலும் கீழே கொட்டாதபடி செய்வதும் இதற்கு மாற்று. சட்டத்தில் அழுத்தமாகப் பொருத்தினாலும் கண்ணாடி உடையும். சென்னையில் ஒவ்வொரு முறையும் எது காரணம் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. தலைக்கு மேலே கண்ணாடியை நிறுத்துவோர் அது உடையும் நாளையும் சேர்த்தே வரைய வேண்டும் என்பதே நாம் கற்கும் பாடம்.

இதைவிடக் கொடிய நிகழ்ச்சிகளும் உண்டு. பாரிஸ் நகரின் சார்ல்ஸ் டிகோல் விமான நிலையத்தில், போல் ஆந்த்ரூ என்ற புகழ்பெற்ற கலைஞர் அமைத்த முனையமொன்றின் வளைகூரை, திறந்து ஓராண்டுகூட நிறைவுறாத நிலையில், 2004 மே 23இல் இடிந்து நால்வரைக் கொன்றது. கொங்கிறீற் ஓட்டில் இருக்க வேண்டிய மிகைவலு இல்லாதிருந்ததும், வெப்பமும் குளிரும் மாறி மாறி அதை நலியச் செய்ததும் விசாரணையில் வெளியாயின. டெல்லியில் 2024 ஜூன் 28 அதிகாலை, கனமழையின்போது, முதலாம் முனையத்தின் முன்தாழ்வாரக் கூரை சரிந்து வாகனங்களின்மேல் விழுந்தது. அதில் இறந்தவர் வாடகை வண்டி ஓட்டுநர் ஒருவர்.

அவர் விமானத்தில் ஏற வந்தவரல்லர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். முனையத்தின் போர்வை எங்கே தொடங்குகிறது? குளிரூட்டிய மண்டபத்தின் கண்ணாடிக் கதவில் என்று சொல்வார்கள். ஆனால் அக்கதவுக்கு வெளியேதான் ஓட்டுநரும், சுமை தூக்குபவரும், வழியனுப்ப வந்த தாயும் பிள்ளையும் நிற்கிறார்கள். உறவினர் உள்ளே செல்ல அனுமதியில்லாத நாட்கள் உண்டு. அனுமதியுள்ள நாட்களிலும் ஒரு கதவுக்கு அப்பால் இல்லை. பதுளையிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்த குடும்பத்துக்கு விமான நிலையம் என்பது அந்த முன்தாழ்வாரமே. சாய்ந்து அடிக்கும் மழை அதன்கீழ் எவ்வளவு தூரம் வரும், அங்கே உட்கார ஒரு திண்ணை உண்டா என்ற கேள்விகளுக்கு விடை தேடினால், அக்கட்டிடம் எவரை மனிதராக எண்ணியது என்பது தெரிந்துவிடும்.

மாற்று வழியே இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஜெத்தா நகரில் ஹஜ் யாத்திரிகர்களுக்கென 1981இல் எழுந்த முனையத்தைப் பாருங்கள். டாக்காவில் பிறந்த பஸ்லூர் ரஹ்மான் கான் என்ற பொறியியலாளரின் பங்களிப்பு அதில் பெரிது. ஒவ்வொன்றும் 45 மீற்றர் சதுரமான 210 துணிக்கூடாரங்கள். பெரும்பகுதிக்குச் சுவரே இல்லை. வெண்துணி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. சூடான காற்று கூம்பின் உச்சி வழியே வெளியேறுகிறது. பல மணி நேரம் காத்திருக்க நேரும் எளிய யாத்திரிகர் கூட்டத்தை மனத்தில் வைத்து வரைந்த போர்வை அது. பாலைவனத்துக்கு ஏற்ற அதனைப் பருவமழை நாட்டில் அப்படியே எழுப்புக என்று நாம் சொல்ல வரவில்லை, அதுவும் இரவலாகிவிடும். காத்திருப்பவர் யார் என்ற கேள்வியிலிருந்து கூரையை வரையத் தொடங்கினார்கள் என்பதையே சுட்டுகிறோம்.

நம் நாட்டில் அக்கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது? ஊவாவின் தென்னெல்லைக்கு அப்பால், வெல்லவாய, தனமல்வில வழியே போனால் மத்தளை வரும். 2013 மார்ச் 18இல் திறந்த அவ்விமான நிலையத்துக்குச் செலவான 20 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகையில் 19 கோடி சீன வங்கியின் கடன். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகளுக்கென அதன் முனையம் கட்டப்பட்டது. பயணிகள் வரவில்லை. 2015இல் அதன் சரக்குக் கட்டிடத்தில் நெல்லைச் சேமித்தார்கள். நெல்லுக்கு ஈரம் படாத கூரை அங்கே இருந்தது என்ற அளவில் அக்கட்டிடம் பயன்பட்டது எனலாம். 2018இல் அட்டவணைப்படி வந்துகொண்டிருந்த விமானச் சேவையும் நின்றது. பின்னர் வாடகை விமானங்கள் இடையிடையே வந்தன.

கட்டுநாயக்காவின் கதை வேறு. அங்கே நெரிசல் உண்மையானது; விரிவாக்கமும் தேவையானது. ஆண்டுக்கு 60 இலட்சம் பயணிகளுக்கென இருந்ததை 150 இலட்சமாக உயர்த்தும் நோக்கத்துடன், ஜப்பானியக் கடனுதவியில், புதிய முனையத்துக்கான ஒப்பந்தம் 2020இல் கைச்சாத்தாயிற்று. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அரசாங்கம் அறிவித்தது. ஜப்பானின் கடன் நின்றது. கட்டிட வேலையும் நின்றது. கடனை மீண்டும் வழங்குவதாக 2024 ஜூலையில் ஜப்பான் அறிவித்தது. போர்வை மூடுமுன் கைவிடப்படும் எந்தக் கட்டிடத்துக்கும் காத்திருப்பு ஒரு நோய். அதிலும் கடற்காற்று வீசும் கரையில் திறந்து கிடக்கும் உருக்குக் கம்பியை உப்பு அரிக்கத் தொடங்கும். நாட்டின் பொருளாதாரம் ஒழுகும்போது கூரையும் ஒழுகும் என்பது இதன் பொருள்.

இக்கடன்களை எவர் தீர்க்கிறார்கள்? 2023இல் வெளிநாடுகளில் உழைப்போர் தாய்நாட்டுக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 600 கோடி டொலர். அதே ஆண்டில் தேயிலை ஏற்றுமதி ஈட்டியது ஏறத்தாழ 130 கோடி டொலர். முன்னையதிலும் பின்னையதிலும் தோட்டத்துப் பெண்ணின் உழைப்பு கலந்திருக்கிறது. அந்தப் பளபளக்கும் முனையத்துக்கு அவள் விருந்தாளியாக வரவில்லை; அதைக் கட்டக் காசு கொடுத்தவர்களில் ஒருத்தியாக வருகிறாள். ஆகவே அவள் விட்டுவந்த கூரையை இப்போது நாம் பார்க்கலாம், பார்த்தே ஆகவேண்டும்.

லயத்தின் கூரையில் கிடக்கும் நெளிதகரத்துக்கும் விமான நிலையக் கூரைக்கும் இரத்த உறவு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தகட்டை நெளித்தால் அது வளையாமல் நிமிர்ந்து நிற்கும் என்பதைக் கண்டு 1829இல் உரிமம் பெற்றவர் ஹென்றி ரொபின்சன் பாமர் என்ற ஆங்கிலப் பொறியியலாளர். இலண்டன் துறைமுகத்தின் கொட்டகைகளுக்காகவே அவர் அதை ஆக்கினார். பயணமும் வாணிபமும் நடக்கும் கட்டிடத்துக்குப் பிறந்த அதே தகடு, நாகம் பூசப்பட்டு, பேரரசின் தோட்டங்களுக்கெல்லாம் கப்பலேறியது. துறைமுகத்தின் வழித்தோன்றலான விமான நிலையத்தில் அது காப்படுக்கும், நீராவிப் படலமும், நகரும் பிணைப்புகளும் பெற்று வளர்ந்தது. லயத்தில் மட்டும் நூற்றாண்டுக்கு மேலாகத் தனித் தகரமாகவே நின்றுவிட்டது.

அத்தகரத்தின் கீழே நடப்பதை ஊவாவில் ஒரு வருடம் வாழ்ந்தவர் அறிவார். மார்கழி இரவில் வெளியே கடுங்குளிர். உள்ளே, 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில், அடுப்பின் ஆவியும் ஐந்தாறு பேரின் மூச்சும். வெம்மையான ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டதும் நீராகிச் சொட்டுகிறது. மழையில்லாத இரவிலும் பாய் நனைகிறது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்துத் தார் பூசுகிறார்கள், சொட்டு நிற்பதில்லை. முனையத்தை வரைபவர் நாள்தோறும் தீர்க்கும் அதே நீராவிப் பிரச்சினை இது. தகரத்தின் கீழே ஓர் அடுக்குக் காப்பும், காற்றோடும் சிறு இடைவெளியும் இருந்தால் பெரும்பாலும் தீரும்.

ஆடி, ஆவணியில் மலையைக் கடந்து வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு உலகம் போற்றும் மணத்தைத் தருகிறது. அதே காற்று தகரத்தைப் பெயர்க்கிறது. காற்று கூரையை அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதே அதிகம் என்பதும், அவ்வுறிஞ்சல் ஓரங்களிலும் மூலைகளிலும் மிகக் கடுமையானது என்பதும் காற்றுச் சுரங்கச் சோதனைகள் காட்டிய உண்மைகள். ஆகவே முனையக் கூரையின் ஓரங்களில் பிணைப்புகளை நெருக்கி வைப்பார்கள். லயத்துக் கூரையைப் பாருங்கள்: கற்களும் பழைய டயர்களும் மண்மூட்டைகளும் எங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன? ஓரங்களிலும் மூலைகளிலும்தான். எந்த நூலையும் படியாமல், பறந்துபோன தகரங்கள் கற்பித்த பாடம் அது. அந்தப் பெண் புறப்படும்போது நினைவுபடுத்திய கல் ஒரு பொறியியல் தீர்வு.

விரிவாக்கமும் லயத்தில் நடக்கிறது. பிள்ளைகள் வளர, இஸ்தோப்புக்கு முன்னால் இரண்டு கம்பு நட்டுத் தகரத்தை இழுத்து இன்னொரு அறையாக்குகிறார்கள். பழைய சுவரும் புதிய தகரமும் சேரும் இடத்தில் நீர் இறங்குகிறது. கட்டுநாயக்காவில் எந்த இடைவெளி வல்லுநரின் கவலையாக இருக்கிறதோ, அதே இடைவெளி இங்கே சாக்குத் துணியால் அடைக்கப்படுகிறது. முறையாகச் செய்யத் தெரியாததால் மட்டும் இப்படி நடக்கவில்லை. லயம் குடியிருப்பவனுக்குச் சொந்தமன்று. நிலம் அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளுடையது. நாளை எவனோ இடிக்கச் சொன்னால் இடிக்க வேண்டிய சுவரில் எவன் தன் சேமிப்பைப் போடுவான்? சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டதன் பொருள் இன்றும் தீர்ந்துவிடவில்லை.

போர்வையைப் பற்றிப் பேசும்போது அதைத் தாங்கும் நிலத்தை மறக்கலாகாது. கொஸ்லாந்தைக்கு அருகே மீரியாபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சரித்திருந்தது. எச்சரித்தவர்களுக்கு அறிவு இருந்தது. குடியிருந்தவர்களுக்குப் போக்கிடம் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி வீசியபோதும் மண்சரிவுகளால் மிகக் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. காலடி நிலமே வழுக்கும் இடத்தில் எத்தகைய கூரையும் காக்காது. பாதுகாப்பான காணியின் உரிமையே வீட்டின் முதல் அடுக்கு.

இங்கே நம் நண்பர் சிலர் ஒரு மறுப்பைக் கூறக்கூடும். "விமான நிலையத்துக்குக் கொட்டும் பணத்தை லயத்துக்குக் கொடு என்பது மலிவான மேடைப்பேச்சு, நாட்டுக்கு இரண்டும் தேவை" என்பர். மறுப்பில் நியாயம் உண்டு. விமான நிலையமே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதன் வழியே போகிறவர்கள் நம் மக்கள். அது ஒழுகாமல் இருக்க வேண்டும் என்பதில் மற்றெவரையும்விட நமக்கே அக்கறை அதிகம். இரண்டுக்கும் ஒரே செலவு வேண்டும் என்பதும் நம் கோரிக்கையன்று. நாம் ஒப்பிடுவது பணத்தையல்ல, கவனத்தை.

அக்கவனம் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். முறையாக நடக்கும் முனைய வேலையில், சுவர் முழுவதையும் எழுப்புமுன், அதே பொருள்களால் அதே அளவில் ஒரு துண்டுச் சுவரை மட்டும் சோதனைக் களத்தில் கட்டுவார்கள். அதன்மீது காற்றை அழுத்தி, நீரைப் பீய்ச்சியடித்து, உட்புறத்தில் துளி தோன்றுகிறதா என்று பார்ப்பார்கள். தோன்றினால் அவிழ்த்து, பிழையைத் திருத்தி, மீண்டும் நனைப்பார்கள். சில மணி நேரம் மட்டும் தங்கிச் செல்லும் பயணியின் தலையில் ஒரு துளி விழக்கூடாது என்பதற்காக இத்தனை பாடு. வாழ்நாள் முழுவதும் ஒரே கூரையின்கீழ் படுத்தெழும் குடும்பத்துக்காக எந்த லயத்தின் எந்தத் தகரம் இவ்வாறு சோதிக்கப்பட்டது?

2015க்குப் பின் மலையகத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடித் தனிவீடுகள் கட்டும் வேலை தொடங்கியது. இந்திய உதவியாலும் வீடுகள் எழுந்தன. லயத்திலிருந்து தனிவீட்டுக்கு என்பது வரலாற்றில் பெரிய அடி. அதை நாம் வரவேற்கிறோம். அதனாலேயே ஒரு கோரிக்கையையும் வைக்கிறோம். நூறு வீடு கட்டுமுன் ஒரு வீட்டைக் கட்டுங்கள். அதில் ஒரு குடும்பம் ஐப்பசி மழையையும் மார்கழிக் குளிரையும் ஆடிக் காற்றையும் ஒருமுறை கடக்கட்டும். எங்கே சொட்டியது, எங்கே தகடு துடித்தது, பின்னால் ஓர் அறை சேர்க்க வேண்டுமானால் கூரை எங்கே இணையும் என்பவற்றை அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மற்றத் தொண்ணூற்றொன்பதையும் கட்டுங்கள். இதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை. இருக்கின்ற விஞ்ஞானத்தை மலைக்கு ஏற்றி வந்தால் போதும்.

உருவம், உள்ளடக்கம் என்ற வாதத்தோடு தொடங்கினோம். கட்டிடத்தின் உள்ளடக்கம் அதனுள்ளே இருக்கும் மனிதர். அவர்களுக்காக எடுத்துக்கொண்ட அக்கறையே அதன் உருவம். சில மணி நேரப் பயணிக்கு ஓர் உருவமும், மூன்று தலைமுறையாக உழைப்பவனுக்கு வேறோர் உருவமும் அமைந்திருப்பதை இயற்கை அமைக்கவில்லை. மழைக்கு அந்த வேறுபாடு தெரியாது. மனிதர் அமைத்ததை மனிதரே மாற்றலாம். ஆசிரியர்களாகிய நாம் வெப்பத்தால் உலோகம் விரியும் என்ற பாடத்தையும் நீராவி நீராகும் என்ற பாடத்தையும் வகுப்பில் நடத்தும்போது, கரும்பலகையோடு நிறுத்திவிடாமல், மாணவரை ஒருமுறை நிமிர்ந்து தங்கள் கூரையைப் பார்க்கச் சொல்வோம். ஏன் சொட்டுகிறது என்று கேட்கக் கற்ற பிள்ளை, ஏன் எங்கள் வீட்டில் மட்டும் சொட்டுகிறது என்றும் ஒருநாள் கேட்கும்.

அந்தப் பெண் இப்போது கடல் கடந்த ஊரில் இன்னொருவர் வீட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். ஐப்பசி பிறந்துவிட்டது. தம்பி கூரையேறிக் கற்களைச் சரிபார்த்துவிட்டான்.